மணல் நகரும், தீவும் நகரும்: சுற்றுலா மாலத்தீவை என்ன செய்கிறது

"ஒரு சின்னத் தீவின் சுற்றுச்சூழலைச் சுற்றுலா உண்மையில் எப்படிப் பாதிக்கிறது? குப்பை, பிளாஸ்டிக் என்று எல்லோரும் சொல்வதைத் தாண்டி என்ன நடக்கிறது?" என்று கேட்டிருந்தீர்கள். குடும்பத்தோடு மாலத்தீவு போக நினைப்பதாகவும், போவது சரிதானா என்று மனசு உறுத்துவதாகவும் சேர்த்து எழுதியிருந்தீர்கள். எனக்குத் தெரிந்த இடம் அதுதான் என்பதால் அதை வைத்தே சொல்கிறேன். கொஞ்சம் நீளமாகத்தான் வரும்.

நான் தூத்துக்குடிக்காரன். மாலத்தீவில் ஒரு ரிசார்ட்டில் ஆறு வருடம் தண்ணீர் பிளாண்ட் பார்த்தேன். கடல்நீரைக் குடிநீராக்கும் ஆர்.ஓ., அதை ஓட்டும் ஜெனரேட்டர், கழிவுநீர்ச் சுத்திகரிப்பு, இவை மூன்றும் எங்கள் பொறுப்பு. விருந்தினர் யாரும் வராத, வேலி போட்டு மறைத்த மூலை அது. ஒரு தீவு ஒரு நாளைக்கு எவ்வளவு குடிக்கிறது, எவ்வளவு எரிக்கிறது, எவ்வளவு வெளியே தள்ளுகிறது என்பது அந்த மூலையில் நிற்பவனுக்குத் தெரிந்துவிடும்.

முதலில் தீவு என்றால் எதைச் சொல்கிறோம் என்று பார்த்துவிடுவோம். நமக்குத் தீவு என்றதும் இலங்கை மாதிரி, ராமேஸ்வரம் மாதிரி ஒரு நிலம் மனதில் வரும். மாலத்தீவில் சுமார் 1,190 தீவுகள் இருக்கின்றன. அத்தனையையும் சேர்த்தாலும் 300 சதுர கிலோமீட்டர்தான் வரும். நிலத்தில் ஏறத்தாழ 80 சதவீதம் கடல் மட்டத்திலிருந்து ஒரு மீட்டர் உயரம்கூட இல்லாதது. கருங்கற்பாறை கிடையாது, மலை கிடையாது, ஆறு கிடையாது. பவளப்பாறை மேடையின் மேல் அலை கொண்டுவந்து குவித்த மணல், அவ்வளவுதான். ராஜராஜனின் மெய்க்கீர்த்தியில் வரும் 'முந்நீர்ப் பழந்தீவு பன்னீராயிரம்' இந்தத் தீவுகளைத்தான் குறிக்கிறது என்பார்கள். பெயரில் பழந்தீவு என்றாலும், ஒவ்வொரு தீவும் வருடத்துக்கு வருடம் தன்னைப் புதிதாகச் செய்துகொண்டே இருக்கிறது. உங்கள் கேள்விக்கான பதில் இந்த இடத்திலிருந்துதான் தொடங்க வேண்டும்.

அந்த மணல் எங்கிருந்து வருகிறது? நீருக்கடியில் முகமூடி போட்டுக்கொண்டு ஐந்து நிமிடம் அசையாமல் மிதந்தால் காதிலேயே விழும். கறுக், கறுக் என்று யாரோ முறுக்கு கடிப்பது போல ஒரு சத்தம். கிளிமீன் பவளப்பாறையைக் கடிக்கிறது. பாறை மேல் ஒட்டியிருக்கும் பாசிக்காக அது பாறையையும் சேர்த்து அலகால் சுரண்டி, உள்ளே அரைத்து, பின்னால் வெள்ளைப் புகை போல விட்டுக்கொண்டே போகும். அந்தப் புகைதான் மணல். வக்காரு என்ற தீவில் அளந்து 2015-இல் வெளியிட்ட ஆய்வு ஒன்றில், அந்தப் பாறையில் புதிதாக உருவாகும் மணலில் 85 சதவீதம் கிளிமீன் போட்டது என்று கண்டார்கள். இன்னொரு 10 சதவீதம் சுண்ணாம்புச் சத்துள்ள ஒரு பச்சைப் பாசியிலிருந்து. மாலத்தீவு விளம்பரத்தில் பார்க்கிறோமே அந்த வெண்மணல், அதில் பெரும்பகுதி மீனின் வயிற்றிலிருந்து வந்தது. உயிருள்ள பாறை, அதை மேயும் மீன், இரண்டும் இருந்தால்தான் கரை. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது, அந்த மணல் ஓரிடத்தில் நிற்காது. நாம் கச்சான் என்று சொல்லும் தென்மேற்குக் காற்றை அவர்கள் ஹுளங்கு என்கிறார்கள். அந்தக் காற்று வீசும் மாதங்களில் அலை மேற்கிலிருந்து அடித்து மணலை வாரிக் கிழக்குப் பக்கம் கொண்டுபோய்ச் சேர்க்கும். பிறகு இருவை வரும், நம் வாடைக்கு நெருக்கமான வடகிழக்குக் காற்று. போன மணல் திரும்பி வரும். சில தீவுகளில் ஒரு முனையில் மணல் திட்டு வாலைப்போல் நீண்டு, ஆறு மாதம் வடக்கே பார்க்கும், ஆறு மாதம் தெற்கே பார்க்கும். கரை அகன்றும் குறுகியும் மூச்சு விடுவது போல இருக்கும். பழைய குடியிருப்புகளைப் பார்த்தால் வீடுகள் கரையை விட்டுத் தள்ளித்தான் இருக்கும். ஓரத்தில் புதரும் தாழையும் தென்னையும். கரை நகரும் என்று தெரிந்தவர்கள் அதற்கு இடம் விட்டு வாழ்ந்திருக்கிறார்கள்.

சுற்றுலா வந்ததும் மாறியது இதுதான். பீச் வில்லாவுக்குப் பணம் கட்டி வருகிறவர் ஜூலையில் வந்தாலும் ஜனவரியில் வந்தாலும் வாசலில் மணல் இருக்க வேண்டும். கட்டடமோ நகராது. நகரும் தீவை நிற்கச் சொல்லும் வேலை அன்றைக்கே ஆரம்பித்துவிடுகிறது.

நான் போன முதல் ஹுளங்கில் நடந்ததைச் சொல்கிறேன். இரவு பதினொன்றரை மணி. மேற்குப் பக்கம் வரிசையாக இருந்த வில்லாக்களில் ஒன்றின் படிக்கட்டு அந்தரத்தில் தொங்குகிறது. அதன் கீழ் இருந்த மணல் ஒரே வாரத்தில் போய்விட்டது. தென்னை ஒன்றின் வேர், கழுவி வைத்த துடைப்பம் மாதிரி முழுசாக வெளியே நிற்கிறது. சமையல்காரர், தோட்டக்காரர், பிளாண்ட் ஆட்கள் என்று கையில் கிடைத்த எல்லோரையும் கூப்பிட்டு மணல் மூட்டை அடுக்கச் சொன்னார்கள். விடியும்வரை அடுக்கினோம். மூட்டைக்கு மணல் எங்கிருந்து? அதே தீவின் கிழக்குக் கரையிலிருந்து. தானாகவே திரும்பி வரவேண்டிய மணலைத்தான் நாங்கள் சாக்கில் கட்டி வைத்தோம் என்பது எனக்குப் புரிய இரண்டு வருடம் ஆனது.

மூட்டை போதவில்லை என்றால் மணல் பம்பு. கரைக்கும் பவளப்பாறை விளிம்புக்கும் நடுவே உள்ள ஆழமில்லாத கடலை லகூன் என்பார்கள். அதன் தரையிலிருந்து மணலையும் நீரையும் சேர்த்து உறிஞ்சிக் குழாய் வழியாகக் கரையில் கொட்டுவார்கள். பம்பு ஓடும் நாளில் அந்த நீலத் தண்ணீர் பால் கலந்த மாதிரி ஆகிவிடும். ஒரு முறை பம்பு நின்ற மறுநாள் காலை குளிக்கப் போனபோது பாறையைப் பக்கத்தில் பார்த்தேன். கிளைக்கிளையாக நிற்கும் பவளத்தின் மேல் கோலமாவு தூவியது போல மெல்லிய தூசி. கையால் தண்ணீரை அசைத்தால் எழும்பி மறுபடி அங்கேயே உட்காருகிறது. பவளம் ஓர் உயிர். அதன் திசுவுக்குள் வாழும் பாசிக்கு வெயில் வேண்டும். தூசி மூடினால் வெளிச்சம் போகும், அதைத் தள்ளிவிடவே பவளம் தன் சக்தியைச் செலவழிக்கும். தூசி பல நாள் நீடித்தால் சாகும். பவளம் செத்தால் பாறை தேயும், பாறை தேய்ந்தால் அலையை உடைக்க ஆளில்லை, மணல் செய்யவும் ஆளில்லை. அடுத்த ஹுளங்கில் கரை இன்னும் உள்ளே வரும். மறுபடி பம்பு. மாலத்தீவில் இந்தச் சுற்றில் மாட்டிக்கொண்ட தீவுகள் நிறைய.

இதோடு இன்னொன்று. பெரிய படகு தோணித்துறைக்கு வர வேண்டும் என்றால் பாறையை வெட்டி வாய்க்கால் போடுவார்கள். (தோணி என்ற சொல்லையே அங்கேயும் சொல்கிறார்கள். முதல் நாள் அதைக் கேட்டபோது ஊரில் இறங்கியது போல இருந்தது.) தீவைச் சுற்றி ஓடிக்கொண்டிருந்த மணல் அந்த வாய்க்காலில் விழுந்து, பாறையின் விளிம்பைத் தாண்டி ஆழத்துக்குப் போய்விடும். கரையின் ஒரு பக்கத்திலிருந்து இன்னொரு பக்கம் போன மணல் திரும்பும். விளிம்பைத் தாண்டி விழுந்தது திரும்பாது. கடலுக்குள் குறுக்காகக் கட்டும் கல் அணையும் அப்படித்தான், ஒரு பக்கம் மணலைச் சேர்த்து மறுபக்கத்தைப் பட்டினி போடும். தூண் மேல் நிற்கும் பாலத்துக்கு அடியில் தண்ணீரும் மணலும் ஓடிவிடும்; கல்லை நிரப்பிக் கட்டிய பாலத்தால்தான் ஆபத்து. இந்த ஒரு வித்தியாசத்தில் ஒரு தீவின் வடிவமே மாறிப்போவதைப் பார்க்கலாம்.

கடற்புல்லின் கதை எனக்கு மிகவும் வலித்த ஒன்று. லகூனில் சில இடங்களில் கடற்புல் அடர்ந்து கரும்பச்சையாகத் தெரியும். புகைப்படத்தில் வரும் பளிங்கு நீலத்துக்கு அது கறை மாதிரி. அதனால் பிடுங்கினார்கள், சில இடத்தில் மேலே மணலைக் கொட்டி மூடினார்கள். கடற்புல்லின் வேர்தான் லகூன் தரையைப் பிடித்து வைத்திருக்கிறது. பச்சை ஆமை மேய்வது அதைத்தான். விருந்தினரை ஆமை பார்க்கக் கூட்டிப்போகும் அதே ரிசார்ட் ஆமையின் மேய்ச்சலைப் பிடுங்கிக்கொண்டிருந்தது. 2019-இல் இதற்கெதிராக அங்கே ஓர் இயக்கம் நடந்து, முப்பதுக்கும் மேற்பட்ட ரிசார்ட்டுகள் தங்கள் கடற்புல் பரப்பைக் காப்பதாக வாக்குக் கொடுத்தன. சொல்லிப் புரியவைத்தால் கேட்கிறார்கள் என்பதற்கு அதை ஒரு நல்ல சாட்சியாகவே எடுத்துக்கொள்கிறேன்.

இனி என் துறைக்கு வருகிறேன், தண்ணீர். மணல் தீவில் மழை பெய்தால் நீர் அப்படியே கீழே இறங்கும். கீழே கடல்நீர் இருக்கிறது. நல்ல நீர் அடர்த்தி குறைவு என்பதால் கலக்காமல் உப்புநீரின் மேல் மிதந்து நிற்கும், நடுவில் தடித்து ஓரத்தில் மெலிந்து, பார்க்க ஆப்பம் போன்ற வடிவத்தில். தீவின் கிணறு, தென்னை, வாழை எல்லாம் அந்த ஆப்பத்தை நம்பித்தான். கையால் ஒன்றரை மீட்டர் தோண்டினாலே தண்ணீர் வந்துவிடும் என்பதால் ஏராளமாக இருக்கிறது என்று ஏமாந்துவிடுவோம். மோட்டார் போட்டு வேகமாக இழுத்தால் கீழிருக்கும் உப்பு மேலேறும். ஏறிவிட்டால் நல்ல நீர் மறுபடி தேறப் பல மழைக்காலம் ஆகும்.

பக்கத்தில் மக்கள் வாழும் தீவு ஒன்றுக்கு வெள்ளிக்கிழமைகளில் போவோம். அங்கே ஒரு பாட்டி வீட்டு முற்றத்தில் பவளக்கல் கட்டிய கிணறு. நீளமான கம்பின் நுனியில் டப்பா கட்டிய ஒரு மொள்ளும் கருவி, தானி என்பார்கள், அதில் மொண்டு எனக்குக் கை கழுவ ஊற்றினார். அழுகிய முட்டை வாடை. தன் பிள்ளைப்பருவத்தில் இதே கிணற்று நீரைத்தான் குடித்தோம் என்றார். இப்போது குடிக்க மழைநீர்த் தொட்டி, கடையில் வாங்கும் பாட்டில். கழிவறைக் குழிகளும் கிணறும் ஒரே மணலில் நான்கு எட்டுத் தூரத்தில் இருந்தால் வேறு என்ன ஆகும்? தலைநகர் மாலேயில் நிலத்தடி நீர் எப்போதோ கெட்டுவிட்டது. 1978-இல் காலரா, 1982-இல் ரத்த வயிற்றுப்போக்கு என்று கொள்ளை நோய்கள் வந்த பிறகு, 1980-களின் பிற்பகுதியில் கடல்நீரைச் சுத்திகரிக்க ஆரம்பித்தார்கள். 2014 டிசம்பரில் அந்த ஆலையில் தீப்பிடித்தபோது ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களுக்குத் தண்ணீர் இல்லை. இந்தியாவிலிருந்து விமானத்திலும் கப்பலிலும் தண்ணீர் அனுப்பியது உங்களுக்கு நினைவிருக்கலாம். நகரம் பெருத்ததற்குச் சுற்றுலா மட்டும் காரணம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் நிலத்தடி நீர் போன தீவின் நிலை என்ன என்பதை அந்த ஒரு வாரம் காட்டியது.

ரிசார்ட்டுகள் நிலத்தடி நீரைத் தொடுவதில்லை, கடல்நீரைத்தான் சுத்திகரிக்கின்றன, அப்படியானால் பாதிப்பு இல்லைதானே என்று கேட்பார்கள். ஆர்.ஓ. முறையில் 100 லிட்டர் கடல்நீர் எடுத்தால் 35, 40 லிட்டர் நல்ல நீர் கிடைக்கும். மீதி இன்னும் உப்பேறிக் கடலுக்கே போகும். அந்த உப்புக் கழிவைப் பலர் பெரிய வில்லனாக்கிவிடுகிறார்கள். பாறை விளிம்புக்கு வெளியே ஆழத்தில், நீரோட்டம் உள்ள இடத்தில் விட்டால் அது சீக்கிரம் கலந்துவிடும். லகூனுக்குள்ளேயே குழாயை முடித்துவிடும் சோம்பேறித்தனம்தான் தப்பு. என் கணக்கில் பெரிய சேதம் டீசலில் இருக்கிறது. நன்றாகப் பராமரித்த பிளாண்டிலேயே ஆயிரம் லிட்டர் தண்ணீருக்கு மூன்று நான்கு யூனிட் மின்சாரம் வேண்டும். ஒரு லிட்டர் டீசல் எரித்தால் ஜெனரேட்டரில் கிடைப்பதும் ஏறத்தாழ அவ்வளவுதான். பழைய பிளாண்ட் என்றால் இரண்டு லிட்டர். வில்லாவின் முன்னால் 6 மீட்டர் நீளம், 4 மீட்டர் அகலத்தில் ஒரு சின்ன நீச்சல்குளம் இருக்கிறதே, அதை ஒருமுறை நிரப்ப முப்பதாயிரம் லிட்டர் நீர், அதாவது முப்பது லிட்டருக்குக் குறையாமல் டீசல். பத்தடி தள்ளிக் கடல் இருக்கிறது. அந்தக் குளங்களுக்கு நீர் திறந்துவிட்ட ஒவ்வொரு முறையும் கோவில்பட்டியில் குடத்தோடு வரிசையில் நின்ற என் அம்மாதான் நினைவில் வருவார்.

குப்பையைப் பற்றி நீங்களே அறிந்திருப்பீர்கள் என்பதால் சுருக்கமாக. ஒரு விருந்தினர் போடும் குப்பை, வெளித்தீவில் வாழும் ஒருவர் போடுவதைப் போலப் பல மடங்கு. மாலேக்கு மேற்கே திலாஃபுஷி என்று ஒரு தீவு இருக்கிறது. லகூனாக இருந்த இடத்தை 1990-களின் தொடக்கத்திலிருந்து குப்பை கொட்டியே நிலமாக்கினார்கள். பல வருடம் அங்கே திறந்தவெளியில் எரிந்த புகை மாலேயிலிருந்தே தெரியும். பேட்டரியும் பிளாஸ்டிக்கும் எரிந்த சாம்பல் எந்தக் கடலில் இறங்கியிருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. பிறகு எரிப்பதை நிறுத்தி, குப்பையிலிருந்து மின்சாரம் எடுக்கும் ஆலைக்கு வேலை தொடங்கினார்கள்.

இவை எல்லாவற்றுக்கும் மேலே கடல் சூடாகும் விஷயம் இருக்கிறது. 1998-இல் எல் நினோ (பசிபிக் கடல் வழக்கத்தைவிடச் சூடாகி மற்ற கடல்களையும் பாதிப்பது) வந்தபோது ஆழங்குறைந்த இடங்களில் பவளத்தின் மிகப்பெரும் பகுதி வெளுத்துச் செத்தது. மெல்ல மெல்லத் தேறி வந்ததை 2016 மறுபடி அடித்தது. இது அந்த ரிசார்ட் செய்ததில்லை, அந்த நாடு செய்ததுமில்லை. ஆனால் பத்து மணி நேரம் விமானத்தில் வந்து, டீசலில் ஓடும் தீவில் தங்கும் சுற்றுலாவுக்கு அதில் பங்கே இல்லை என்றும் சொல்ல முடியாது. வெளுத்த பாறை தேறுமா தேறாதா என்பதில் உள்ளூர்ச் செயலுக்குப் பெரிய இடம் உண்டு. தூசி விழாத, கழிவுநீர் சேராத, மீன் நிறைந்த பாறைக்குப் பிழைக்க வாய்ப்பு அதிகம். மணல் பம்பைப் பற்றி நான் இவ்வளவு எழுதியது அதனால்தான்.

சுற்றுலா கெடுதல் மட்டும்தான் செய்தது என்று எழுதினால் அது நேர்மையாக இருக்காது. 1972-இல் இரண்டு ரிசார்ட்டோடு தொடங்கிய நாடு அது. அந்த வருடம் வந்தவர்கள் ஆயிரம் பேர் அளவில். 2024-இல் 20 லட்சத்தைத் தாண்டியது. அந்தப் பணத்தில்தான் பள்ளி, ஆஸ்பத்திரி எல்லாம். கடலுக்கே நேரடியாகக் கிடைத்த நன்மையும் உண்டு. 1990-களின் தொடக்கத்தில் சுறா பற்றி ஒரு கணக்குப் போட்டார்கள்: பிடித்து விற்றால் ஒரு சுறாவுக்கு ஒரே ஒரு முறை 32 டாலர், உயிரோடு இருந்தால், அதைப் பார்க்க வரும் முக்குளிப்பவர்களால் வருடத்துக்கு சராசரியாக 3,300 டாலர். படிப்படியாகத் தடை வந்து, 2010-இல் நாடு முழுதும் சுறா பிடிப்பது நின்றது. இன்று ரிசார்ட் பாலத்தடியில் குட்டிச் சுறாக்கள் திரிவதை நீங்கள் முழங்கால் தண்ணீரில் நின்று பார்க்கலாம்.

ஹனிஃபாரு விரிகுடாவும் அப்படித்தான். பா அட்டோலில் (அட்டோல் என்றால் வளையமாக அமைந்த பவளத் தீவுக்கூட்டம்) உள்ள சின்ன இடம். ஹுளங்குக் காலத்தில் நீரோட்டம் மிதவை உயிர்களைக் கொண்டுவந்து அங்கே குவிக்கும். அதைத் தின்ன மந்தா திருக்கைகள் நூற்றுக்கணக்கில் கூடும். அவற்றைப் பார்க்க வருபவர்களின் கூட்டம் அளவுமீறிப் போனதும் 2009-இல் பாதுகாக்கப்பட்ட இடமாக்கினார்கள். 2011-இல் அந்த அட்டோல் யுனெஸ்கோ உயிர்க்கோளக் காப்பகமானது. ஆக்சிஜன் உருளையோடு முக்குளிக்கத் தடை. ஒரே நேரத்தில் 80 பேருக்கு மேல் நீரில் இறங்கக் கூடாது, ஒரு குழுவுக்கு 45 நிமிடம். கட்டுப்பாடு வந்ததால் வருமானம் போய்விடவில்லை.

மக்கள் வாழும் தீவுகளின் நிலை வேறு. பல வருடம் 'ஒரு தீவுக்கு ஒரு ரிசார்ட்' என்றுதான் இருந்தது. சுற்றுலாப் பயணி ஒரு பக்கம், ஊர் மக்கள் ஒரு பக்கம். 2009, 2010 வாக்கில் சட்டத்தை மாற்றி ஊர்த் தீவுகளிலும் விருந்தினர் விடுதி நடத்த அனுமதித்தார்கள். மாஃபுஷி அப்படி வளர்ந்த தீவு. ஒரு கிலோமீட்டருக்குச் சற்று அதிகமான நீளம், சில நூறு மீட்டர் அகலம், அதற்குள் மாடிக்கு மேல் மாடியாக விடுதிகள். இதில் எனக்கு இரண்டு மனசு. பணம் முதலாளியிடமே நிற்காமல் ஊர்க்காரர் கைக்கு வந்தது, அது நியாயம். ஆனால் சாக்கடை, குப்பை, தண்ணீர் ஏற்பாடு ஊர்மக்கள் தொகைக்கு அளந்து போட்டது. அதன் மேல் விடுதிப் படுக்கைகளை ஏற்றினால் மிச்சம் போவது கடலுக்குத்தான். பிலிப்பைன்ஸின் போராகாயில் நடந்தது அதுவே. பத்து சதுர கிலோமீட்டர் தீவில் வருடத்துக்கு 20 லட்சம் பேர், கழிவுநீர் மழைநீர்க் குழாய் வழியாகக் கரையிலேயே விழுந்தது. 2018 ஏப்ரல் முதல் அக்டோபர் வரை ஆறு மாதம் தீவையே மூடினார்கள். திறக்கும்போது ஒரே நேரத்தில் 19,215 பயணிகள்தான் தங்கலாம் என்று வரம்பு போட்டார்கள். அந்த ஆறு மாதம் வேலையில்லாமல் நின்றவர்கள் படகோட்டிகளும் துணி துவைப்பவர்களும். வரம்பை முதலிலேயே போட்டிருந்தால் அவர்கள் அடுப்பு அணைந்திருக்காது.

நம் பக்கத்துக்கும் இதில் ஒரு பங்கு உண்டு. முன்பு மாலத்தீவில் வீடு கட்டப் பவளக்கல்லையே வெட்டினார்கள். அதைக் கட்டுப்படுத்தியபின் கல்லும் மணலும் வெளியிலிருந்து போக வேண்டியதாயிற்று. 2024-25-ஆம் ஆண்டுக்கு மாலத்தீவுக்கு ஏற்றுமதி செய்ய இந்தியா அனுமதித்த அளவு ஆற்று மணல் 10 லட்சம் டன், ஜல்லி 10 லட்சம் டன். அத்தனையும் ரிசார்ட்டுக்குப் போவதில்லை, வீடு, பள்ளி, துறைமுகம் எல்லாவற்றுக்கும்தான். ஆனாலும் ஒரு பாறையைக் காப்பாற்ற ஓர் ஆற்றைத் தோண்டுகிறோமே என்ற எண்ணம் எனக்கு உண்டு. தூத்துக்குடித் துறையில் மாலத்தீவு மாசிக் கருவாடு இறங்குவதையும் செங்கல்லும் காய்கறியும் தோணியில் ஏறுவதையும் பார்த்து வளர்ந்தவன் நான். இரண்டு கரைக்கும் இருக்கும் தொடர்பு இப்படிப்பட்டதாக மாறக் கூடாது என்று ஆசைப்படுகிறேன்.

போகலாமா என்ற உங்கள் கேள்விக்கு வருகிறேன். போங்கள். நல்லபடி நடத்தும் தீவுகள் அங்கே இருக்கின்றன, உங்கள் பணம் அவர்களுக்குப் போவது நல்லது. நீங்கள் கட்டும் பசுமை வரி (2025 முதல் ரிசார்ட்டில் ஒருவருக்கு ஒரு நாளைக்கு 12 டாலர், சிறிய விடுதிகளில் 6 டாலர்) எது நல்லபடி நடக்கும் தீவு என்று கண்டுபிடித்துத் தராது. அறை பதிவு செய்யும் முன் மின்னஞ்சலில் நீங்களே மூன்று கேள்வி கேளுங்கள். கடைசியாக எப்போது மணல் பம்பு செய்தீர்கள்? லகூனில் கடற்புல்லை விட்டு வைத்திருக்கிறீர்களா? கழிவுநீரைச் சுத்திகரித்த பின் எங்கே விடுகிறீர்கள்? உண்மையாக வேலை செய்யும் இடத்தில் இந்தக் கேள்வியை எங்களைப் போன்ற பிளாண்ட் ஆளிடம் அனுப்பிப் பதில் வாங்கித் தருவார்கள். எங்களிடம் ஆறு வருடத்தில் இரண்டே இரண்டு விருந்தினர்கள்தான் கேட்டார்கள். இரண்டாமவர் கேட்ட பிறகு, லகூனுக்குள் முடிந்துகொண்டிருந்த எங்கள் உப்புக் கழிவுக் குழாயைப் பாறை விளிம்புக்கு வெளியே நீட்ட நான்கு மாதத்தில் ஒப்புதல் வந்தது. அதற்கு முன் அதே விண்ணப்பத்தை நான் மூன்று முறை எழுதிக் கொடுத்திருந்தேன்.

தனிக்குளம் இல்லாத அறையாக எடுங்கள், கடல் இருக்கிறது. ஹுளங்கில் போனால் கரை ஒரு பக்கம் ஒல்லியாக இருக்கும். அதைக் குறை என்று விமர்சனம் எழுதிவிடாதீர்கள். அந்த மாதிரி இரண்டு விமர்சனம் வந்தால் மறுவாரம் பம்பு இறங்கும். மறுபக்கம் நடந்து போய்ப் பாருங்கள், மணல் அங்கே இருக்கும். குழந்தைகளுக்கு முகமூடி மாட்டிவிட்டு, பாறையில் கால் ஊன்றாமல் மிதக்கச் சொல்லுங்கள். கறுக், கறுக் என்று கேட்கும்.